கும்பகோணத்து லேண்ட்லைனை டொரொண்டோவிலிருந்து எட்டுவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டொரொண்டோவில் இருக்கிறீர்கள். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, லேண்ட்லைன் மட்டுமே. 0435 என்று தொடங்கும் அவர் எண்ணை 011 91க்குப் பின் அடித்தால் சில நாள் கிடைக்கிறது, சில நாள் எண் தவறு என்கிறது. சென்னையில் இருக்கும் அத்தையின் 044 எண்ணுக்கு முயன்றபோது இங்கிலாந்து உச்சரிப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அம்மாவின் காலர் ஐடியில் உங்கள் எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஓர் இந்திய மொபைல் எண் தெரிவதால் அவர் எடுக்கத் தயங்குகிறார். போன வாரம் இரவெல்லாம் மணி அடித்தும் அவர் எடுக்காமல் போக, நீங்கள் தூங்கவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, எந்த காலிங் கார்டு (முன்பணம் கட்டி வெளிநாட்டுக்குப் பேசும் அட்டை) நல்லது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கார்டு இதில் ஒரு சிறு பகுதிதான். தனியாக இருக்கும் ஒரு முதியவரை வேண்டிய நேரத்தில் உறுதியாக எட்ட என்ன வழி என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் தொலைபேசித் துறையில் இருந்தேன். அதில் பெரும்பகுதி வெளிநாட்டு அழைப்புகளை உள்நாட்டுக்கு மாற்றிவிடும் கேட்வே நிலையத்தில் கழிந்தது. நீங்கள் சொல்லும் நான்கு குறைகளையும் மறுமுனையிலிருந்து பார்த்தவன் நான்.

எண்ணிலிருந்து தொடங்கலாம்; இதில் ஐயத்துக்கே இடமில்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அடிக்கும் எண்ணில் மூன்று பகுதிகள் உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து வெளியே போக ஒரு கோடு (குறியீட்டெண்), போய்ச் சேரும் நாட்டின் கோடு, அந்த நாட்டுக்குள் அந்த வீட்டின் எண். கனடாவிலும் அமெரிக்காவிலும் வெளியே போகும் கோடு 011. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜெர்மனி, மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் அது 00, ஆஸ்திரேலியாவில் 0011. ஊருக்குரிய எஸ்.டி.டி. கோட்டின் முன்னால் வரும் சுழியம் இந்த மூன்றில் எதிலும் சேராது. ‘இது உள்ளூர் அழைப்பன்று, வெளியூர் அழைப்பு’ என்று இந்தியாவுக்குள் இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதற்காக மட்டும் அது இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. ஆகவே அம்மாவின் எண்ணை 011, பிறகு 91, பிறகு 435, பிறகு 2இல் தொடங்கும் ஏழு இலக்கங்கள் என்றே அடிக்க வேண்டும். 91க்குப் பின் பத்து இலக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் எஸ்.டி.டி. கோடு சென்னைக்கு 44 என இரண்டு இலக்கமாக இருந்தாலும், மதுரைக்கு 452 என மூன்றாக இருந்தாலும், தஞ்சாவூருக்கு 4362 என நான்காக இருந்தாலும், வீட்டு எண்ணையும் சேர்த்தால் கூட்டுத்தொகை பத்துதான்.

சுழியத்தோடு அடித்தும் சில நாள் கிடைத்ததே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அழைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே வழியாகப் போவதில்லை. இடையிலுள்ள நிறுவனங்களில் சிலவற்றின் சுவிட்சு, அதாவது அழைப்பை வழிப்படுத்தும் கருவி, தேவையற்ற சுழியத்தைக் கண்டால் தானே நீக்கிவிட்டு அனுப்பும். மற்றவை எண் தவறு என்று திருப்பிவிடும். தற்செயலாகக் கிடைத்ததை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். உலகில் இதற்கு விலக்காக நிற்கும் நாடுகளில் ஒன்று இத்தாலி. அங்கே 1998 முதல் லேண்ட்லைன் எண்ணின் முன்னுள்ள சுழியம் எண்ணின் பகுதியாகவே ஆகிவிட்டதால் வெளியிலிருந்து அழைப்பவரும் அதைச் சேர்த்தே அடிக்க வேண்டும். இந்தியாவுக்கு அந்த விலக்கு இல்லை.

அத்தையின் எண்ணில் நடந்தது வேறு. நீங்கள் சுழியத்தைச் சரியாக நீக்கியிருக்கிறீர்கள். ஆனால் 91ஐ விட்டுவிட்டீர்கள். சென்னையின் எஸ்.டி.டி. கோடும் பிரிட்டனின் நாட்டுக் கோடும் ஒன்றே, 44. ஆகவே 011 44 என்று தொடங்கியதும் அழைப்பு பிரிட்டனுக்குப் புறப்பட்டுவிட்டது. சென்னை எண்ணில் மீதமிருப்பது எட்டு இலக்கம். பிரிட்டனில் 44க்குப் பின் பெரும்பாலும் பத்து இலக்கம் வேண்டும். எனவே யாரோ ஒருவர் வீட்டு மணியை அடிக்காமல் அறிவிப்போடு நின்றது. இதே வகைக் குழப்பம் கொழும்புக்கு அழைப்பவர்களுக்கும் உண்டு. கொழும்பின் வட்டாரக் கோடு 011, டெல்லியின் எஸ்.டி.டி. கோடும் 011, வட அமெரிக்காவிலிருந்து வெளியே போகும் கோடும் 011. கொழும்பு உறவினர் எழுதிக் கொடுத்த 011 258 என்று தொடங்கும் எண்ணைக் கனடாவில் அப்படியே அடித்தால், அதை சுவிட்சு மொசாம்பிக்குக்கான அழைப்பாகவே படிக்கும், ஏனெனில் 258 அந்த நாட்டின் கோடு. இலங்கைக்குச் சரியான வடிவம் 011 94 11 என்று தொடங்கும். யாழ்ப்பாணம் என்றால் 011 94 21.

இந்தத் தொல்லை முழுவதையும் ஒரே அடியில் நீக்கும் வழி ஒன்று இருக்கிறது. மொபைலில் எண்களைச் சேமிக்கும்போது 011 என்றோ 00 என்றோ சேமிக்காமல், கூட்டல் குறியில் தொடங்கிச் சேமியுங்கள். சுழியப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்தக் குறி வரும். நீங்கள் எந்த நாட்டில் நின்றாலும் அந்த நாட்டின் வெளியேறும் கோட்டை அங்குள்ள மொபைல் வலையமைப்பே அந்தக் குறியிலிருந்து புரிந்துகொள்ளும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.164 விதிப்படி நாட்டுக் கோட்டையும் சேர்த்து 15 இலக்கத்துக்கு மேல் எந்த எண்ணும் போகக் கூடாது. கூட்டல் குறியோடு எழுதப்படும் வடிவம் அந்த விதியைத் தழுவியது. இந்தியாவில் லேண்ட்லைனுக்கு அடிக்கும் உள்நாட்டு முறையை மாற்றும்படி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தாலும் வெளியிலிருந்து அடிக்கும் +91 435 வடிவம் மாறத் தேவையில்லை.

காலர் ஐடியில் வேறு இந்திய எண் தெரிவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நான்கு குறைகளில் அம்மாவுக்கு நேரடியாகத் தீங்கு செய்யக்கூடியது இதுதான். உங்கள் காலிங் கார்டு நிறுவனம் இந்தியாவில் சொந்தமாக எந்த வலையமைப்பும் வைத்திருப்பதில்லை. அது அழைப்பை ஒரு மொத்த வியாபாரியிடம் கொடுக்கும், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், ஒவ்வொரு நிலையிலும் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவரிடம் போகும். சரியான வழியில் வந்தால் கடைசியாக உரிமம் பெற்ற ஓர் இந்திய நிறுவனத்தின் கேட்வேக்குள் நுழைந்து, உங்கள் கனடா எண்ணைச் சுமந்துகொண்டு கும்பகோணம் எக்ஸ்சேஞ்சைச் சேரும். இப்படி வரும் அழைப்பை முடித்துக் கொடுப்பதற்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை வாங்கலாம் என்று டிராய் 2020இல் வகுத்தது. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் அழைப்புக்கு அந்தக் கட்டணம் சுழியம். இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ் பிழைக்கிறது. பல சிம் கார்டுகளைச் செருகிய ஒரு பெட்டியை ஏதோ ஓர் ஊரில் வாடகை அறையில் வைத்து, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியே அந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஓர் உள்ளூர் சிம்மின் அழைப்பாக மாற்றி அனுப்பிவிடுவார்கள். அரசுக்கும் நிறுவனத்துக்கும் போக வேண்டிய பணம் மிஞ்சுகிறது. அம்மாவின் காலர் ஐடியில் அந்த சிம்மின் எண் தெரிகிறது. இது இந்தியாவில் சட்டவிரோதம்.

கனடாவிலிருந்து வந்த அழைப்பில் யாரோ ஒருவரின் இந்திய மொபைல் எண் தெரிந்தால் அது இந்தத் திருட்டு வழியாகவே வந்திருக்கும் என்று நான் ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன். எண்ணே தெரியாமல் ‘பிரைவேட்’ என்று வந்தாலோ, உங்கள் எண்ணின் சில இலக்கங்கள் மட்டும் வந்தாலோ அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். நேர்மையான இடைத்தரகரின் சுவிட்சிலும் எண் தொலைந்துபோவது உண்டு. தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று, வெளிநாட்டிலிருந்து இந்திய எண்போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க ஒரு முறையைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அந்த முறை கேட்வேயில் நின்று பார்க்கிறது. சிம் பாக்ஸ் அழைப்போ கேட்வேயைத் தொடுவதே இல்லை. உண்மையான உள்ளூர் சிம்மிலிருந்து புறப்படுகிறது. ஆகவே அந்தத் தடுப்பு உங்கள் குறையைத் தீர்க்காது. அம்மா தயங்குவது முற்றிலும் சரி. காவல்துறை என்றும் கூரியர் என்றும் சொல்லி முதியவர்களை மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இதேபோன்ற அறிமுகமில்லாத எண்களில்தான் வருகிறார்கள். ‘எந்த எண் வந்தாலும் எடுங்கள், நானாக இருக்கலாம்’ என்று அவரைப் பழக்கிவிடாதீர்கள். அழைப்பைத் திருத்துவதுதான் உங்கள் வேலை. அடுத்த முறை பேசும்போது காலர் ஐடியில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை இப்படியே வந்தால் அந்த கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சேவைக்குப் போங்கள். அந்த எண்ணை, உங்கள் உறவினர் எவராவது இந்தியாவிலிருந்து தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகாராகப் பதியலாம்.

இனி, எடுக்காமல் போன அந்த இரவு. நீங்கள் காதில் கேட்கும் மணியோசை அம்மாவின் வீட்டில் அடிக்கும் மணி அன்று. அது அவருடைய எக்ஸ்சேஞ்சு உங்களுக்கென்று உண்டாக்கி அனுப்பும் ஓசை. செம்புக் கம்பி இணைப்பில் தெருவில் எங்காவது கேபிள் அறுந்திருந்தாலும் பல எக்ஸ்சேஞ்சுகள் உங்களுக்கு மணியோசையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டிலோ எதுவும் அடிக்காது. மழைக்காலத்தில் என்னிடம் வந்த ‘ரிங் போகிறது, எடுக்கவில்லை’ என்ற புகார்களில் பல இப்படி முடிந்தவைதான். இதைவிடத் தீயது ஒன்றும் இருக்கிறது. சில மலிவு வழிகளில், அழைப்பு இந்தியாவைச் சேரும் முன்னரே இடைத்தரகரின் கருவி போலி மணியோசையை ஒலிக்கவிட்டு, எதிர்முனை எடுத்துவிட்டதாகக் கணக்கெழுதிக் கார்டில் நிமிடங்களைக் கழித்துக்கொள்ளும். யாரும் எடுக்காத அழைப்புக்குக் கார்டில் பணம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அன்றிரவு அம்மாவின் வீட்டில் மணியே அடிக்காமல் இருந்திருக்கலாம்.

அம்மாவின் இணைப்பு செம்புக் கம்பியா, ஃபைபரா என்பதைத் தொலைவிலிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய செம்பு இணைப்பில் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்தே கம்பி வழியாக வரும். வீட்டில் கரண்டு போனாலும் சாதாரணக் கருவி வேலை செய்யும். கடந்த சில ஆண்டுகளில் பல வீடுகளில் எண் மாறாமலேயே இணைப்பு ஃபைபருக்கு மாறியிருக்கிறது. ஃபைபரில் மின்சாரம் வராது; சுவரில் மாட்டியிருக்கும் மோடத்துக்கு வீட்டுக் கரண்டு வேண்டும். கரண்டு போனால், அல்லது இரவில் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால், தொலைபேசியும் செத்துவிடும். செம்பு இணைப்பாக இருந்து கருவி கார்ட்லெஸ் ஆக இருந்தாலும் இதே கதிதான். மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். கார்ட்லெஸ் என்றால் பழைய வகைக் கம்பிக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் வையுங்கள். நீங்கள் கேட்ட எந்தக் கார்டையும்விட இந்த இரண்டும் உங்கள் இரவுத் தூக்கத்துக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அவசரத்தைப் பற்றியும் முன்னதாகவே யோசித்துவையுங்கள். இந்தியாவின் 112, 108 போன்ற குறுகிய எண்கள் உள்நாட்டுக்குள் மட்டும் இயங்குபவை. 91க்குப் பின் அவற்றை அடித்தால் எங்கும் போய்ச் சேராது. உங்கள் ஊரின் 911ஐ அழைத்தால் அவர்களால் கும்பகோணத்துக்கு வண்டி அனுப்ப முடியாது. ஆகவே அம்மாவின் வீட்டுக்கு மிக அருகிலுள்ள காவல் நிலையம், அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனை, நடந்துவரும் தொலைவில் இருக்கும் இரண்டு வீட்டார் ஆகியோரின் முழு எண்களையும் +91 வடிவில் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வீட்டாரில் ஒருவரிடமாவது மாற்றுச்சாவி இருக்கட்டும். வங்கி, எரிவாயு நிறுவனம் போன்றவற்றின் 1800 எண்களும் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை. வங்கிகள் வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கென்று தனி எண் கொடுத்திருக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

இப்போது கார்டுக்கு வருகிறேன். கார்டின் முகப்பில் அச்சிட்ட நிமிடங்கள், ஒரே மூச்சில் பேசி முடித்தால் மட்டும் கிடைப்பவை. ஒவ்வோர் அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம், மூன்று நிமிடம் என்று மேலே உயர்த்திக் கணக்கிடும் முறை, வாரந்தோறும் கழியும் பராமரிப்புத் தொகை என்று பின்புறத்தில் சிறு எழுத்தில் இருப்பதைச் சேர்த்தால், தினம் ஐந்து நிமிடம் பேசும் உங்களைப் போன்றவருக்கு அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். கார்டைவிட, உங்கள் மொபைல் நிறுவனமே மாதக் கட்டணத்தில் இந்தியாவுக்கு அளிக்கும் நேரடித் திட்டம் எனக்கு நம்பகமாகப் படுகிறது. அதில் உங்கள் உண்மையான எண் போய்ச் சேருவதற்கான வாய்ப்பு கூடுதல், குறை என்றால் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார். இணையம் வழியாக லேண்ட்லைனுக்கு அழைக்கும் சேவைகளும் உண்டு. அவற்றில் பலரும் பழகியிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. எஞ்சியவற்றில் ஒன்றைத் தேர்ந்தால், உங்கள் சொந்த எண்ணைச் சரிபார்த்து அதையே எதிர்முனையில் காட்டும் வசதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், விலையைப் பிறகு பாருங்கள். வாட்ஸ்அப் தரமானது, செலவும் குறைவு. ஆனால் அது லேண்ட்லைனை எட்டாது.

அம்மாவிடமிருந்து உங்களுக்கு அழைப்பு வர வேண்டியதும் அதே அளவுக்கு முக்கியம். அவருடைய லேண்ட்லைனில் வெளிநாட்டுக்கு அழைக்கும் ஐ.எஸ்.டி. வசதி திறந்திருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்க வேண்டும். கேட்டு எழுதிக் கொடுக்காதவரை அது மூடியே இருப்பது வழக்கம். திட்டத்தில் ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருப்பது இந்தியாவுக்குள் மட்டும். அவர் அடிக்க வேண்டியது 00, பிறகு 1, பிறகு உங்கள் பத்து இலக்க எண். ஓர் எச்சரிக்கை: 1 என்ற கோடு கனடாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவும் கரீபியன் தீவுகள் பலவும் அதையே பகிர்கின்றன. ஜமைக்கா 1 876, கிரெனடா 1 473. ஒரே ஒரு மணி அடித்து நிறுத்திவிட்டு, திருப்பி அழைப்பவரிடம் பணம் பறிக்கும் கூட்டம் இப்படிப்பட்ட எண்களைப் பயன்படுத்துகிறது. 1 என்று பார்த்ததும் மகன் என்று நினைத்து அவர் திருப்பி அழைத்துவிடக் கூடாது; அவர் அடிக்கும் வெளிநாட்டு எண் உங்கள் எண் ஒன்றாக மட்டுமே இருக்கட்டும்.

நேரத்தையும் ஒழுங்குசெய்துகொள்ளுங்கள். டொரொண்டோவுக்கும் இந்தியாவுக்கும் இடைவெளி மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம், மற்ற மாதங்களில் பத்தரை. அம்மா காலை ஏழு மணிக்குக் காபி குடிக்கும்போது உங்களுக்குக் கோடையில் முந்தைய இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. ‘இரவு ஒன்பதரைக்கு அழைக்கிறேன்’ என்று உங்கள் கடிகாரத்தில் பேசிவைத்தால் நவம்பரில் அவர் ஒரு மணி நேரம் கவலையோடு காத்திருப்பார். அவருடைய காலை ஏழு மணி என்றே பேசிவையுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக, புதிய சேவையிலிருந்து சரியான வடிவில் அவருக்கு அழைத்து, எந்த எண் தெரிகிறது என்று படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மோடத்தின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அழைத்து, அப்போது உங்கள் காதில் என்ன கேட்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, 00 1 என்று தொடங்கும் உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டாரைக் கொண்டு பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, தொலைபேசிக்கு மேலே அவர் கண்ணாடி போடாமலே படிக்கும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.